மேலே யாரோ நடக்கிறார்கள்

தபால்கார உலகம்மாள் நீட்டிய உறை ஈரமாக இருந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கி, ஒரகடம் சாலையின் தார் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற மதியம் அது. தெருக்குழாயின் அடியில்கூட மண் வெடித்துக் கிடந்தது. அப்படிப்பட்ட வெயிலில் அந்த உறை பெனிட்டாவின் விரல் பட்ட இடத்திலெல்லாம் அமுங்கியது. அவள் உலகம்மாளின் பையைப் பார்த்தாள். பை காய்ந்திருந்தது. அதிலிருந்த மற்ற உறைகள் மொடமொடவென்று நின்றன.

"தண்ணி பாட்டில் எதாச்சும் சாஞ்சிடிச்சாக்கா?"

"இல்லியேம்மா. ஆபீஸ்ல கட்டு பிரிக்கும்போதே இப்டித்தான் இருந்திச்சி." உலகம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் தம்பி கையெழுத்து மாரி கீது. அம்மாகிட்ட பதமா சொல்லி குடு" என்றாள்.

தம்பி டென்னிஸைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தவன் அவன். வருடா வருடம் பர்மனென்ட் ஆக்குகிறோம் என்றார்கள். வருடா வருடம் கணக்கு முடித்து, புது கார்டு கொடுத்து, அதே லைனில் நிறுத்தினார்கள். வெறுத்துப்போயிருந்த நேரத்தில் படப்பையில் ஓர் ஏஜென்ட் கிடைத்தான். வெளிநாட்டில் குடோன் வேலை, பனி பெய்கிற ஊர், கோட்டு அவர்களே தருவார்கள் என்றான். கோட்டு தந்தார்கள்தான். பச்சை நிறக் கோட்டு. கூடவே துப்பாக்கியும் தந்து, யாருக்கும் யாருக்குமோ நடக்கிற சண்டையின் முன்வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போட்டிருந்த பையனுக்கு, அங்கே போய் இறங்கிய பிறகுதான் எதில் போட்டோம் என்று தெரிந்தது.

போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால்தான் கடிதம். அம்மா சூசையம்மாளுக்கு எழுதினால் சாப்பாட்டைப் பற்றியே எழுதுவான். ரொட்டி கல்லாக இருக்கிறது, கருவாட்டுக் குழம்பு கனவில் வருகிறது என்று. கூட்டாளி ஐயனாருக்கு எழுதினால் கெட்ட வார்த்தையும் பயமும் இருக்கும். அக்காவுக்கு எழுதுவது முழுக்க எரிச்சல். "குழி வெட்டு, குழி வெட்டுன்னு உயிர எடுக்கறானுங்க பெனிக்கா. லைன்ல டார்கெட் வெச்ச மாரி இங்கயும் டார்கெட். வெட்டி முடிச்சா வேற எடத்துல வெட்டுன்றான்."

பிறகு பெட்டி வந்தது. சுற்றிலும் ஈயம் வைத்து அடைத்த பெட்டி. திறக்கக் கூடாது என்று கூடவே ஒரு தாள். "மூஞ்சியாச்சும் காட்டுங்க சார்" என்று விமான நிலையத்துச் சரக்கு வாசலில் பெனிட்டா கேட்டாள். "பாக்கற நிலமையில இல்லம்மா, புரிஞ்சிக்கோங்க" என்றார் கூட வந்த அதிகாரி. அப்பா சின்னப்பராஜ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஊர்க் கோயிலில் பூசை முடிந்து இருட்டுவதற்குள் புதைத்தாகிவிட்டது. பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது உள்ளே ஏதோ ஒரு பக்கமாகச் சரிந்த சத்தம் கேட்டது. கயிறு பிடித்தவர்கள் இன்னும் வேகமாக இறக்கினார்கள்.

ஈர உறையை அவள் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்தாள். எழுத்து நீலமாகக் கசிந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

"அம்மா, நான் நல்லா கீறேன். ஒரு பதுங்குகுழில வுட்டுட்டு மத்தவனுங்க போயிட்டானுங்க. வந்து கூட்டிகினு போறோம்னாங்க, வரல. கூரை ரொம்ப தாழ்வு. எழுந்து ஒக்கார முடியல, படுத்துகினேதான் எழுதறேன். சோறு தண்ணி யாரும் குடுக்கறதில்ல. ஆனா பசியே இல்லம்மா, அதான் ஆச்சரியமா கீது. தலைக்கு மேல ராவும் பகலும் பெரிய பெரிய வண்டியா போவுது. நம்ம ஆளா அவனுங்க ஆளான்னு தெரியல. வண்டி போனா கூரை மண்ணு வாயில வுழுது."

அம்மா கடிதத்தை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். மண் வாசனை வருகிறது என்றாள். அன்று மதியமே கருவாடு வாங்கிவந்து குழம்பு வைத்தாள். அதற்கு மறுநாளும் வைத்தாள். அதற்குப் பிறகு தினமும்.

சாவதற்கு முன் போட்ட கடிதம், கப்பலோ விமானமோ தாமதமாகி இப்போது வந்திருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பெனிட்டாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். தான் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில், கண்ணாடியில் நெற்றி முட்ட, கண்டெய்னர் லாரிகள் வரிசையாக எதிரே வரும்போதும் அதையே சொல்லிக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தின் மதில் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. லாரி போகும்போதெல்லாம் மதில் மேல் பதித்த கண்ணாடித் துண்டுகள் லேசாக நடுங்கும்.

முப்பதாம் நாள் கல்லறையில் ஜெபம் நடந்தது. அது முடிந்த வாரம் ஐயனார் அவள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். கம்பெனி வேன் ஓட்டுகிறவன்; எப்போதும் சத்தமாகப் பேசுகிறவன். அன்று ஒன்றும் பேசாமல் சட்டைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தான். அவன் சட்டையில் அது இருந்த இடம் சதுரமாக நனைந்திருந்தது.

"இன்னாடா இது?"

"படிச்சி பாருக்கா. நான் வூட்ல வெச்சிக்க மாட்டேன்."

அவள் உறையைப் பிரித்தாள். டென்னிஸின் கையெழுத்துதான்.

"மச்சான், எனக்கு மூளை கொழம்பிச்சின்னு நெனைக்கறேன். இன்னிக்கு மேல ஆளுங்க வந்து பாடனானுங்க. தமிழ்ல. கோயில் பாட்டு. நடுவுல எங்க அம்மா மாரியே ஒரு பொம்பள இருமிச்சி. அப்புறம் எதோ பித்தளை சாமான் கல்லு மேல வுழுந்து உருண்டு போச்சி. ஒருத்தன் ஸாரி ஸாரின்னான். நான் கத்தி பாத்தேன், தட்டி பாத்தேன். போயிட்டானுங்க. வெறுப்பா கீது மச்சான். எத்தினி தபா தட்றது?"

ஜெபத்தின்போது அம்மாவுக்குப் பாட்டின் பாதியில் இருமல் வந்தது. ஃபாதருக்கு உதவியாக நின்ற கோயில் பிள்ளை கையிலிருந்த தீர்த்தச் செம்பு நழுவிச் சிமெண்ட் விளிம்பில் விழுந்து உருண்டது. அவர் ஸாரி ஃபாதர், ஸாரி ஃபாதர் என்றார். ஐயனார் அங்கே நின்றிருந்தான். பெனிட்டாவும் நின்றிருந்தாள்.

"நீயும் கூட வந்து சொல்றியாடா? ஃபாதர்கிட்ட?"

ஐயனார் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் தனியாக அலைந்தாள். ஃபாதர் இரண்டு கடிதங்களையும் படித்துவிட்டு, யாரோ கேவலமாக விளையாடுகிறார்கள் என்றார். கையெழுத்து அவனுடையது ஃபாதர் என்றாள். துக்கத்தில் எல்லாம் அப்படித் தெரியும் என்றார். ஸ்டேஷனில், யார் மேல் சந்தேகம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். யார் பெயரை எழுதுவது? தாலுகா ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர், கல்லறையைத் திறக்க வேண்டுமானால் பிணத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர்தான் மனு கொடுக்க வேண்டும், அக்கா தங்கை எல்லாம் கொடுக்க முடியாது என்றார். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கம்பெனியில் இதற்கு மேல் லீவு கேட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாக சூப்பர்வைசர் சொன்னான். லைனில் நின்று சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது, எத்தனை தபா தட்டுவது என்ற வரி மட்டும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா ஒரு குடோன் வாசலில் வாட்ச்மேன். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் மனுவை நீட்டினாள்.

"ஒரே ஒரு கையெழுத்துப்பா."

சின்னப்பராஜ் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "ஒரு கையெழுத்து போட்டுத்தான் அவன் போனான். ஒரு கையெழுத்து போட்டுத்தான் நான் அவன வாங்கினேன். இன்னொண்ணு போடமாட்டேன்" என்றார்.

"உள்ள இருக்கறது அவன்தானான்னாச்சும் பாக்க வேணாமா?"

"அவன்தான்னா இன்னா பண்ணுவ பெனி? அவன் இல்லைனா இன்னா பண்ணுவ?" தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சைக்கிள் ஸ்டாண்டை அவர் காலால் தட்டிய சத்தத்தில்தான் கோபம் தெரிந்தது.

உள்ளே அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். புளியும் கருவாடும் கொதிக்கிற வாசனை தெரு முனை வரை போயிருக்கும். சமையலறைத் தரை பெனிட்டாவின் பாதத்துக்குச் சில்லென்று இருந்தது. அந்த வெயிலில் அது இதமாகக்கூட இருந்தது.

வாராந்திர விடுமுறை அன்று உச்சிவெயிலில் பெனிட்டா கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். வேப்பமரத்து நிழலில் குழிவெட்டும் அப்பாவு துண்டை விரித்துப் படுத்திருந்தார். தம்பியின் மண்மேடு தரைக்கும் கீழே இறங்கியிருந்தது. அம்மா வைத்த செவ்வந்தி மாலை பள்ளத்தில் சரிந்து கிடந்தது.

"புது மண்ணு எறங்கத்தான் செய்யும்மா" என்றார் அப்பாவு, எழுந்திருக்காமலே.

"பக்கத்துல இருக்கறது எத்தினி வருசத்து குழிண்ணே?"

அவர் மறுபக்கம் புரண்டு படுத்தார். பக்கத்துக் கல்லறையின் சிமெண்ட் மேடை நடுவில் விரிசல் விட்டுக் குழிந்திருந்தது. அதற்கு அடுத்ததும். அதற்கடுத்து, ஒரு குழந்தையின் பெயர் எழுதிய சின்னக் கல் தலைகுப்புறச் சாய்ந்திருந்தது. மற்ற பக்கமெல்லாம் கல்லறைகள் சரியாகத்தான் இருந்தன. இறங்கியவை மட்டும் ஒரே வரிசையில், பின்மதிலை நோக்கிப் போயின. மதிலுக்கு அந்தப் பக்கம் கருவேலம் புதர். புதரைத் தாண்டினால் அவர்கள் தெரு.

அவள் தம்பியின் குழியருகே முட்டி போட்டு உட்கார்ந்தாள். மண் சுட்டது. உள்ளங்கையை வைத்துத் தட்டினாள். காதைத் தரையில் வைத்தாள். சாலையில் கண்டெய்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சல் மண்ணுக்குள் இறங்கி, அவள் பல்லுக்குள் அதிர்ந்தது. வேறெதுவும் கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். லாரி. மறுபடி. லாரி. போய்த் தொலைங்களேன் என்று அவளுக்கு அழுகை வந்தது.

பிறகு சிக்னலில் எங்கோ வண்டிகள் நின்றன. சாலை ஒரு மூச்சு நேரம் காலியானது.

சுரண்டுகிற சத்தம். அவளுக்கு நேர் கீழே இல்லை. மதில் பக்கமாக, தூரத்தில். ஒன்றல்ல. நிறைய. ஒரே சீராக.

"டென்னிசு" என்றாள்.

சத்தம் நின்றது. எல்லாமே ஒன்றாக நின்றது. கீழே இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு அவள் குரலை உற்றுக் கேட்பது போலிருந்தது.

அவள் எழுந்தபோது அப்பாவு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் ஷிப்டுக்காக பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது உலகம்மாள் வண்டியை நிறுத்தினாள். இந்த முறை அவள் கையால் தொடாமல் பையைத் திறந்து காட்டினாள்.

"நீயே எடுத்துக்கோ. ஸ்டாம்பு இல்ல, அட்ரஸ் இல்ல. எப்டி பையில வந்திச்சின்னே தெரியல. காலையில உன் அம்மா பேர்ல ஒண்ணு இருந்திச்சி. அத வூட்ல குடுத்துட்டேன்."

உறையின் மேல் 'பெனி அக்கா' என்று மட்டும் இருந்தது. தாளில் செம்மண் ஒட்டியிருந்தது. ஒரகடத்துச் செம்மண்.

"அக்கா, நேத்து மேல ஒரு ஆள் வந்திச்சி. முட்டி போட்டு தட்டிச்சி. என் பேர் சொன்ன மாரி இருந்திச்சி. பதில் குடுக்க வாய தொறந்தேன், பின்னாடி இருக்கறவங்க வாய பொத்திட்டாங்க. சொல்ல மறந்துட்டேன், இப்ப நான் தனியா இல்ல. பக்கத்து செவுரு இடிஞ்சி ஒருத்தன் இருந்தான். அவனுக்கு அந்தாண்ட ஒரு கெழவி. சண்டையில கெழவிய எதுக்கு கூட்டியாந்தானுங்கன்னு தெரியல. ஒரு கொழந்தயும் கீது. யாரும் அதிகமா பேசறதில்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க, சோத்து வாசன எந்த பக்கத்துல இருந்து வருதுன்னு. எனக்கும் வருது. நம்ம அம்மா வெக்கற குழம்பு மாரியே. அந்த பக்கமாத்தான் வெட்டறோம். குழி வெட்ட தெரிஞ்சவன் நான்தான்னு என்னைய முன்னாடி வுட்டுட்டாங்க. இங்க யாருக்கும் களைப்பே வர்றதில்லக்கா.

அம்மாவுக்கும் எழுதினேன். தரையில சத்தம் கேட்டா உன் பக்கத்துல இருந்து தோண்டும்மான்னு. அவங்கதான் அப்டி எழுத சொன்னாங்க.

அக்கா, இத யார்கிட்டயும் சொல்லாத. இவங்கள எனக்கு புடிக்கல. நான் நிறுத்தினா பின்னாடி இருந்து தள்றாங்க. கொஞ்ச நாழி முன்னாடி என்னைய தாண்டி போயிட்டாங்க. என் மேல ஏறி."

பஸ் வந்து நின்றது. பெனிட்டா ஏறவில்லை.

ஓடினாள். வானம் திடீரென்று கறுத்திருந்தது. புழுதி எழும்பி, முதல் கோடைமழைத் துளிகள் அதில் பொத்தென்று விழுந்தன. டியூட்டியில் இருந்த அப்பா சின்னப்பராஜுக்கு போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. கருவேலம் புதரை ஒட்டி வரும்போது தரை காலடியில் வெற்று டிரம்மின் ஓசை கொடுத்தது. பாதையின் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மண் தாழ்ந்திருந்தது. அந்தப் பள்ளம் கோணாமல் போனது. தெருவுக்குள். குழாயைத் தாண்டி. அவர்கள் வீட்டு வாசற்படிக்கு. படி உடைந்திருந்தது.

கதவு திறந்திருந்தது. குழம்பு வாசனை. அதற்கடியில் ஈர மண்ணின் வாசனை. அதற்கும் அடியில் வேறொன்று.

"அம்மா."

சமையலறையில் விளக்கு போடவில்லை. மழை வெளிச்சம் மட்டும். அம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர்த்த டைல்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தோசைத் திருப்பி வளைந்து கிடந்தது. அவள் மடியில் சோற்றுப் பானை. எதிரே தரையில் ஒரு துளை.

துளையின் விளிம்பில் ஒரு கை இருந்தது. மல்லாந்து. ஏந்தியபடி. நகங்கள் இல்லை.

அம்மா குழம்பு பிசைந்த சோற்றை உருட்டி அதில் வைத்தாள். கை மூடியது. உள்ளே போனது. அதே இடத்தில் வேறொரு கை வந்தது. தோல் சுருங்கிய கை. அம்மா அதற்கும் வைத்தாள். பிறகு மிகச் சின்னதாக ஒரு கை. பிறகு ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்து.

"வந்துட்டியா" என்றாள் சூசையம்மாள், திரும்பாமல். அவள் முகத்தில் இத்தனை நாள் இல்லாத நிம்மதி இருந்தது. "எது என் புள்ள கைன்னு தெரியல பெனி. அதான் எல்லாத்துக்கும் குடுத்துகினு கீறேன்."

பெனிட்டா பார்த்தாள். இருந்த அத்தனை கையையும் பார்த்தாள். தம்பியின் கை அதில் இல்லை.

பானையின் அடி வந்துவிட்டது. அம்மா கடைசிப் பருக்கைகளை வழித்து நீட்டினாள். கீழேயிருந்து வந்த கை சோற்றை எடுக்கவில்லை. அது அம்மாவின் மணிக்கட்டைச் சுற்றி மெதுவாக மூடியது. அதன்மேல் இன்னொன்று. முழங்கையில் இன்னொன்று. துளையின் விளிம்பில் மண் சரிந்தது.

அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.